ஏரியைக் குவளையில் அளக்க முடியுமா?

பூச்சிமருந்து பாட்டிலின் மேல் சாய்சதுர வடிவில் ஒரு குறி இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற நான்கு நிறங்களில் ஒன்றாக இருக்கும். சிவப்பு என்றால் கொடிய நஞ்சு, பச்சை என்றால் கடுமை குறைந்தது என்பது உரக்கடைக்குப் போய்வரும் எவருக்கும் தெரியும். அந்த நிறத்தை முடிவு செய்பவை எலி போன்ற பாலூட்டிகளிடம் செய்யும் சோதனைகள். ஒரு கிலோ உடல் எடைக்கு 50 மில்லிகிராமோ அதற்கும் குறைவாகவோ வாய்வழியே கொடுத்தால் பாதி விலங்குகள் செத்துவிடும் என்றால் சிவப்பு. 5,000 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்பட்டால் பச்சை. மருந்து அடிப்பவரின் உயிரைக் காக்க இந்தக் குறி அவசியம். ஆனால் அதே மருந்து வடிகால் வழியே ஏரிக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே வாழும் தட்டானின் இளம்புழுவுக்கும் மீன்குஞ்சின் இரைக்கும் என்ன ஆகும் என்பதை அந்த நிறம் சொல்லாது. அது அதற்காக வைக்கப்பட்டதும் அல்ல.

அப்படியானால் அதை யார், எப்படிச் சொல்கிறார்கள்?

ஜப்பானின் ஷிமானே மாநிலத்தில் ஷின்ஜி என்றொரு ஏரி இருக்கிறது. கடலோடு நீர்வழித் தொடர்பு இருப்பதால் அதன் நீரில் உப்பு லேசாகக் கலந்திருக்கும். சுற்றிலும் நெல்வயல்கள். வகசாகி என்ற சிறு மீனும் விலாங்கும் அங்கே காலங்காலமாகப் பிடிபட்டு வந்தன. 1990-களில் அந்த மீன்பிடி சரிந்தது. ஆண்டுக்கு 240 டன்னாக இருந்த வகசாகி 22 டன்னுக்கு இறங்கியது. மீன் செத்து மிதந்ததால் வந்த சரிவு அல்ல இது. மீனைக் கொல்லும் அளவுக்கு நீரில் நஞ்சும் இல்லை. மீன் சாகவில்லை, ஆனால் இல்லாமல் போயிற்று.

தோக்கியோ பல்கலைக்கழகத்தின் மசுமி யமமுரோவும் உடன் ஆய்வாளர்களும் 2019-ல் 'சயின்ஸ்' இதழில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். 1993-ல் அந்த ஏரியைச் சூழ்ந்த வயல்களில் இமிடாகுளோபிரிட் என்ற புதிய மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. நியோநிகோட்டினாய்டு குடும்பத்தில் முதலில் சந்தைக்கு வந்தது அது. நம் ஊரிலும் புகையானுக்கும் தத்துப்பூச்சிக்கும் அடிக்கிறார்கள், விதை நேர்த்திக்கும் பயன்படுத்துகிறார்கள். ஷின்ஜியில் அது வந்த காலத்தோடு ஒட்டி, நீரில் மிதந்து வாழும் நுண்விலங்குகளின் மொத்த எடை வசந்த காலச் சராசரியில் 83 சதவீதம் குறைந்துவிட்டது. வகசாகியின் சோறு அந்த மிதவை விலங்குகள்தான். மருந்து மீனைத் தொடவில்லை, மீனின் தட்டைக் காலி செய்துவிட்டது என்பதே அவர்கள் சொன்ன விளக்கம்.

இந்த மருந்து சோதிக்கப்படாமல் வந்த ஒன்றல்ல. முறைப்படி எல்லாச் சோதனைகளையும் கடந்துதான் வயலுக்கு வந்தது. அந்தச் சோதனைகள் எதைக் கேட்டன, எதைக் கேட்காமல் விட்டன என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ஒரு பொருளுக்குக் கெடுதல் செய்யும் ஆற்றல் எவ்வளவு என்பது அதன் தீங்குத்திறன். அந்தப் பொருள் ஓர் உயிரின் மீது உண்மையில் எவ்வளவு, எத்தனை நாள் படுகிறது என்பது படுதல். இவை இரண்டும் சேர்ந்தால்தான் இடர். மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் கொடிய நஞ்சால் ஏரிக்கு இடர் இல்லை. கடுமை குறைந்த பொருளும் ஆண்டு முழுக்க வடிந்துகொண்டே இருந்தால் இடர் உண்டு. ஆகவே மதிப்பிடுகிறவர்கள் இரண்டு எண்களைத் தேடுகிறார்கள். ஏரி நீரில் எவ்வளவு இருக்கும் என எதிர்பார்க்கலாம் என்பது ஓர் எண். எவ்வளவுவரை இருந்தால் உயிர்களுக்குக் கெடுதல் வராது என்பது இன்னோர் எண். முதல் எண் இரண்டாவதைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும்.

இரண்டாவது எண்ணுக்கான தேடல் பெரும்பாலும் டாப்னியாவிடம் தொடங்குகிறது. அரிசி அளவுகூட இல்லாத, உடல் கண்ணாடிபோல் தெளிந்த, நன்னீரில் வாழும் ஓட்டுடலி அது. நுண்ணோக்கியில் வைத்தால் இதயம் துடிப்பது தெரியும். ஆண் இல்லாமலே பெண் தன்னைப்போன்ற பெண்களைப் பெற்றுத் தள்ளும். அதனால் சோதனைக்கூடத்தில் ஒரே மரபுவழியில் ஆயிரக்கணக்கில் வளர்க்கலாம். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு வகுத்துள்ள 202-ஆம் எண் வழிகாட்டி, இந்தச் சோதனையை எப்படிச் செய்வதென்று வரையறுக்கிறது. பிறந்து ஒருநாள்கூட ஆகாத குஞ்சுகளை எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது 20 குஞ்சுகள். 48 மணி நேரம் மருந்து கலந்த நீரில் விடுகிறார்கள். பிறகு குவளையை மெல்ல அசைத்து 15 நொடி பார்க்கிறார்கள். நீந்தாதவை செயலிழந்தவையாகக் கணக்கில் சேரும். பாதிக் குஞ்சுகள் செயலிழக்கும் செறிவைப் பாதிவிளைவுச் செறிவு எனலாம். எளிய, மலிவான சோதனை. உலகின் எந்த மூலையில் செய்தாலும் ஒப்பிடலாம் என்பது அதன் பெருமை.

இதன் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற நம்பிக்கை. பானை முழுக்க ஒரே அரிசி என்றால் அது சரி. ஏரி என்பது பச்சரிசியும் சோளமும் துவரையும் கொண்டைக்கடலையும் ஒன்றாக உலையில் கிடக்கும் பானை. அதில் ஒன்று வெந்ததை வைத்து மற்றது வெந்ததாகச் சொல்ல முடியாது.

இமிடாகுளோபிரிட் விஷயத்தில் நடந்தது இதுதான். அது டாப்னியாவைச் செயலிழக்கச் செய்ய லிட்டருக்கு 85 மில்லிகிராம் வரை தேவைப்படுகிறது. ஏரிகளிலும் ஓடைகளிலும் அவ்வளவு ஒருநாளும் இருக்காது. இனி நெதர்லாந்தின் வாகெனிங்கனில் செய்து 2013-ல் வெளியான ஆய்வைப் பாருங்கள். அங்கே சோதித்தவற்றுள் மே ஈக்களின் இளம்புழுக்களும் இருந்தன. மே ஈ தன் வாழ்வின் பெரும்பகுதியை நீருக்குள் புழுவாகக் கழித்து, கடைசியில் ஓரிரு நாள் மட்டும் சிறகோடு வெளியே வந்து இணைசேர்ந்து சாகும் பூச்சி. குளோயன் என்ற வகை மே ஈயின் புழுக்களில் பாதி நான்கு நாளில் செயலிழக்க, லிட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோகிராம் போதுமாக இருந்தது. மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 28 நாள் வைத்திருந்தபோது 0.1 மைக்ரோகிராமுக்கும் கீழேயே பாதிப்பு தொடங்கிவிட்டது.

மதிப்பிடுகிறவர்கள் இத்தகைய வேறுபாடுகளை அறியாதவர்கள் அல்லர். அதனால்தான் சோதனையில் கிடைத்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒரு பாதுகாப்பு வகுஎண்ணால் வகுக்கிறார்கள். தரவு குறைவாக இருந்தால் 1,000, நீண்டகாலச் சோதனைகள் பல இருந்தால் 10 என்பது ஐரோப்பிய வேதிப்பொருள் மதிப்பீட்டு வழக்கம். பூச்சிமருந்துகளுக்கு வேறு எண்கள் உண்டு. டாப்னியாவின் 85 மில்லிகிராமை ஆயிரத்தால் வகுத்தால் 85 மைக்ரோகிராம் வரும். பாதி மே ஈப் புழுக்களை நான்கே நாளில் முடக்கும் அளவைப்போல் அது 85 மடங்கு. தவறு ஆயிரம் என்ற எண்ணில் இல்லை. எந்த உயிரிடம் கேட்டோம், எத்தனை நாள் காத்திருந்தோம் என்பதில் இருக்கிறது.

காத்திருப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? நியோநிகோட்டினாய்டுகள் பூச்சியின் நரம்பில் அசிட்டைல்கோலின் என்ற தூதுப்பொருள் வந்து அமரவேண்டிய ஏற்பியில் போய் அமர்ந்துகொள்கின்றன. எளிதில் இறங்குவதும் இல்லை. இன்று சில ஏற்பிகள், நாளை மேலும் சில. உடனே சாகாத பூச்சி இரை தேடுவதை நிறுத்துகிறது, தோலுரிக்க முடியாமல் தவிக்கிறது, சிறகோடு மேலே வருவதற்குள் மடிகிறது. 48 மணி நேரச் சோதனைக்கு இதெல்லாம் தெரியாது. நம் நரம்பிலும் அதே ஏற்பி உண்டு, ஆனால் இந்த மருந்து பூச்சியின் ஏற்பியோடுதான் இறுகப் பொருந்துகிறது. மனிதருக்குப் பழைய மருந்துகளைவிடப் பாதுகாப்பானது என்று இது பரவலாக வரவேற்கப்பட்டது அதனால்தான். அந்த வரவேற்பில் பொய்யில்லை.

படுதல் பக்கமும் எளிதல்ல. தெளிந்த ஆழமற்ற நீரில் வெயில் பட்டால் இமிடாகுளோபிரிட் விரைவாகச் சிதைந்துவிடும். கலங்கிய நீரில், நிழலில், மண்ணுக்குள் அது நெடுநாள் நிற்கும். நீரில் நன்றாகக் கரைவதால் மழை வந்தால் மண்ணிலிருந்து மீண்டும் வடியும். மாதம் ஒருமுறை மாதிரி எடுக்கிறவர் உச்சத்தைத் தவறவிட்டுவிடக்கூடும். மருந்து அடித்த மறுநாள் மழை பெய்திருக்கும், அவர் வந்ததோ மூன்று வாரம் கழித்து.

தரவு சேரச் சேர எல்லை எப்படி நகர்ந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. நன்னீர் முதுகெலும்பிலிகள் நீண்டகாலம் தாங்கும் அளவாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இமிடாகுளோபிரிட்டுக்கு முன்பு வைத்திருந்தது லிட்டருக்கு 1.05 மைக்ரோகிராம். 2017-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அது 0.01 ஆயிற்று. நூறு மடங்குக்கு மேல் இறக்கம். மருந்து மாறவில்லை, கேள்வி கேட்கப்பட்ட உயிர்கள் மாறின. 0.01 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? சுமார் 25 ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழம் நீர் நிற்கும் ஒரு குளத்தில் ஒரே ஒரு கிராம் மருந்து சீராகக் கலந்திருக்கும் அளவு.

ஒற்றை உயிர்ச் சோதனையின் குறையை நீக்க வேறு வழிகளும் வந்தன. பல இன உயிர்களின் தாங்குதிறனை வரிசைப்படுத்தி, அவற்றுள் 95 சதவீத இனங்கள் பாதுகாப்பாக இருக்கும் செறிவைக் கணிப்பது ஒன்று. இன உணர்திறன் பரவல் என்று இதைச் சொல்லலாம். வரிசையில் எந்த இனங்களைச் சேர்த்தோம் என்பதைப் பொறுத்தே விடை அமையும் என்ற பலவீனம் இதற்கும் உண்டு. இன்னொன்று, ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் செயற்கைக் குட்டைகளில் பாசி, பூச்சி, நத்தை, வண்டல் எல்லாவற்றையும் வாழவிட்டு மருந்தைக் கலந்து மாதக்கணக்கில் கவனிப்பது. செலவு அதிகம். ஆனால் யார் யாரைத் தின்கிறார் என்ற உறவு அங்கேதான் புலப்படும்.

அந்த உறவு எத்தனை வகையில் கெடும் என்பதற்குப் பழைய சான்று கலிபோர்னியாவின் கிளியர் ஏரி. தொல்லை தந்த சிறு கொசுகு வகைப் பூச்சியை ஒழிக்க அங்கே 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டிடிடி (DDT) மருந்துக்கு நெருங்கிய உறவான டிடிடி (DDD) என்ற மருந்தைக் கலந்தார்கள்.